கத்தாத பிரேக்

காக்கா! நான்தான் பேசுகிறேன். உன் வண்டிக்கு நான் பிரேக் பேடு மாற்றிய கதையை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நீ இல்லை. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் பலரிடம் அந்த வழக்கம் உண்டு. தாராவியில் பள்ளிக்கூடம் போன காலத்தில் "எங்க காக்கா வந்து கூட்டிட்டுப் போகும்" என்று நான் சொன்னால், கூட இருக்கிற பிள்ளைகள் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். இப்போது லெதர் பை தைக்கிற ஒரு கார்கானாவில் வேலை. வாப்பா நாங்கள் சின்னதாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் உம்மா, காக்கா, நான் என்று மூன்று பேர்தான் இருந்தோம்.

காக்கா செம்பூரில் ஒரு கராஜில் மெக்கானிக். அங்கே ரிப்பேருக்கு வந்து, சொந்தக்காரன் திரும்ப எடுக்காமலே விட்டுப்போன ஒரு சிவப்பு வண்டியை அவன் வாங்கினான். தரையோடு தரையாகத் தாழ்ந்து, பின்னால் சின்னதாக ஒரு இறக்கை வைத்த வண்டி. எங்கள் சந்துக்குள் சைக்கிளே சிரமப்பட்டுத்தான் வரும். ஆகவே தொண்ணூறு அடி ரோட்டில் சந்து முனையில்தான் நிறுத்துவான். நிறுத்தும்போது பிரேக் "கீ...ச்" என்று ஒரு கத்து கத்தும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். கேட்டதும் உம்மா எழுந்து சாயாவுக்குப் பால் வைப்பாள். அவன் சந்தில் நடந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும்.

அவன் வண்டியால் போகவில்லை. கேட்கிறவர்கள் எல்லாம் ஆக்சிடென்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை. மழைக்காலத்துக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்துதான் போனான். திரும்பி வரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம், கராஜில் நின்ற வண்டியை காக்காவின் கூட்டாளி கொண்டுவந்து கொடுத்தார். அவரும் அதே கராஜில்தான் வேலை பார்க்கிறார். இந்துப் பையன், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே காக்காவோடு திரிந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் சந்து முனையில் வண்டியை நிறுத்தினார். கீச்சென்று கத்தியது.

உம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஊற்றிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் ஓரத்தில் நுரைக்கிற நேரம்தான் அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும். அடுப்பை அணைக்கவில்லை. "பொங்கட்டும். வந்தவுக குடிக்கட்டும்" என்றாள்.

அண்ணன் சாயாவைக் குடித்துக்கொண்டிருக்கும்போது உம்மா கேட்டாள். "எய்யா, என்னைய அந்த மையவாடி பக்கம் ஒருக்கா கூட்டிட்டுப் போவியா? உள்ள வரமாட்டேன். வெளிய, அவன் வண்டியிலேயே உக்காந்து ஓதிட்டு வந்துருதேன்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அடக்கம் செய்த அன்று ஆண்கள் தூக்கிக்கொண்டு போனதோடு சரி. தன் பிள்ளை எந்த இடத்தில் கிடக்கிறான் என்று உம்மாவுக்குத் தெரியாது.

"டாக்ஸியில போலாமே உம்மா" என்றேன்.

"டாக்ஸிக்காரன் மீட்டரைப் பாத்துட்டே இருப்பான். அந்த நெனப்புல ஓத முடியுமா? அவன் வண்டியில போறேன். நீதான ஓட்டப் படிச்சிருக்கே, நீ ஓட்டு."

எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் காக்காதான். லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்பம் வேண்டாம் உம்மா. பேடு சுத்தமா தேஞ்சு கெடக்கு. அங்க போற வழியில பிரிட்ஜ் எறக்கம் இருக்கு, எறங்குன ஒடனே சிக்னலு. தங்கச்சி மிதிச்சு அது நிக்கலன்னா நான் மேல போயி அவன்கிட்ட என்ன பதில் சொல்லுவேன்? மொதல்ல பேடு மாத்தணும்."

இப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. அண்ணனுக்குக் கராஜில் லீவு கிடைப்பது கஷ்டம். வண்டியை மெதுவாக ஓட்டித் திரும்பக் கராஜுக்கே கொண்டுபோனார்; சாமானை நான் வாங்கி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் மாட்டித் தருவதாகப் பேச்சு.

அடுத்த நாள் கார்கானாவில் வேலை நடுவில் அவருக்குப் போன் போட்டேன். மிஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். "அண்ணா! பேடு எத்தனை வேணும்? முன்னாடி ரெண்டு போதுமா, பின்னாடியும் மாத்தணுமா?" என்று ஹிந்தியும் தமிழும் கலந்து கத்தினேன். சுற்றி நாலு மிஷின் நின்றுவிட்டது. பக்கத்து மிஷின்காரி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, "அரே, யே சப் பாயி கோ போல்தி ஹே க்யா?" என்றாள். இதையெல்லாம் அண்ணனிடமா சொல்லுவாய் என்று கேட்கிறாள். அவள் நினைத்தது நாங்கள் மாதாமாதம் வாங்குகிற பேடு என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், காக்கா போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

முன் சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் போதும் என்று அண்ணன் சொன்னார். வேலை முடிந்து செம்பூர் போனேன். சக்கரத்தைக் கழற்றி, பழைய பேடு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய கறுப்பான கட்டி. அந்தக் கட்டி தேய்ந்து தேய்ந்து வங்கிக் கார்டு மாதிரி மெல்லிசாகிக் கிடந்தது. நான் நகத்தால் கீறிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். எந்தத் தோலைக் கையில் கொடுத்தாலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அடித் தோலா மேல் தோலா, பைக்கா பெல்ட்டுக்கா என்று கை சொல்லிவிடும். இது என்னவென்று கை சொல்லவில்லை.

"இது என்னத்துல செஞ்சது?"

"எல்லாம்தான். இரும்புத் தூளு, நாரு, பிசினு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்."

"ஏன் கத்துது?"

"தேஞ்சா கத்துறதுக்குன்னே சில பேடுல ஒரு தகடு வச்சிருப்பான். இதுல அது கெடையாது. இது ரேஸ் பேடு. சூடேறினாத்தான் கடிக்கும். சூடு இல்லேன்னா வழுக்கும், கத்தும். பழைய ஓனரு மாட்டுனது."

"தெனமும் அடுத்தவன் பிரேக்கைப் பாக்குத காக்கா, தன் வண்டியில ஏன் இதை மாத்தல?"

அண்ணன் துணியில் கையைத் துடைத்தார். "நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். 'நல்ல சாமான்லே, பாதி இருக்கும்போதே எப்படித் தூக்கிப் போடுறது'ம்பான். ஸ்டைலுக்குத்தான் வச்சிருக்கான்னு நான் நெனச்சுக்கிட்டேன். எவனுக்குத் தெரியும்?"

எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை. ரயிலில் வரும்போதும் அந்தத் தேய்ந்த பேடைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். உம்மா அந்தச் சத்தத்துக்குப் பால் வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வைத்திருந்தானா, இல்லை சோம்பலா? இன்னும் எனக்குத் தெரியாது.

மாட்டுங்காவில் ஒரு சந்தில் கார் சாமான் விற்கிற சின்னக் கடை. கடைக்காரர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த ஐயர் மாதிரி பேசினார். வண்டியின் பேரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"இதுதாம்மா. எடுத்துக்கோ."

நான் பழைய பேடை எடுத்துப் புதியதன்மேல் வைத்தேன். தோல் வெட்டும்போது மாதிரியை வைத்துப் பார்க்கிற பழக்கம்தான். எல்லாப் பக்கமும் பழையது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"சார், இது சின்னதா இருக்கே."

"சின்னதா இருக்காது. நீ சொன்ன வண்டிக்கு இதான்."

"வண்டி அதேதான் சார். ஆனா பின்னாடி ரெக்கை வச்சது."

"அட ராமா! ஸ்போர்ட் மாடலா? அதை முன்னாடியே சொல்லப்படாதோ? அதுக்கு, பேடு கவ்வற முன் டிஸ்க்கே பெருசு. இதைக் கொண்டுபோயிருந்தா மெக்கானிக் உன்னையும் திட்டியிருப்பான், என்னையும் திட்டியிருப்பான்."

பிறகு வேறு மூன்று டப்பாக்களைத் திறந்தார். அளவு மூன்றும் ஒன்றுதான், சரக்குதான் வேறு. நான் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்று மாவு மாதிரி மழுமழுவென்று, சாம்பல் நிறம். அது செராமிக், சத்தமே போடாது, சக்கரத்தில் கரி படியாது என்றார். இன்னொன்றில் இரும்புத் துகள் மினுங்கியது. அது நன்றாகப் பிடிக்கும், வேகமாக ஓட்டினாலும் சோராது, ஆனால் காலையில் முதல் நாலைந்து மிதிக்குக் கத்தும், டிஸ்க்கையும் கொஞ்சம் தின்னும். மூன்றாவது காக்கா வண்டியில் இருந்த ரேஸ் ஜாதி. "அதைத் தொடாதே. நம்ம ஊர்ல சிக்னலுக்குச் சிக்னல் நின்னுண்டு போறவாளுக்கு அது சூடே ஏறாது."

"சார், இந்த மினுங்குறது நல்லா கத்துமா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "கடைக்கு வரவா எல்லாரும் எது கத்தாதுன்னு கேப்பா. நீ நல்லா கத்துமான்னு கேக்கறியே!"

மினுங்குகிற நடு டப்பாவை வாங்கிக்கொண்டேன். நன்றாகவும் பிடிக்கும், சந்து முனையில் கொஞ்சம் கத்தவும் செய்யும். சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து உம்மாவிடம் காட்டினேன்.

"இது நல்லா புடிக்கும் உம்மா. பயமில்ல. பழசு மாதிரியே கீச்சுன்னு கத்தவும் செய்யும். கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"கத்துமா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு செம்பூர் போனேன். அண்ணன் பேடைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கில் வைத்தார்.

"ஏ பிள்ள, இது என்ன, தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கி?"

நாலு பேடும் பளபளவென்று நனைந்து கிடந்தன. நான் உம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உம்மா, பேடுல எண்ணெய் தடவுனியா?"

"ஆமா. நான்தான் தடவுனேன். ராத்திரி பூரா ஊறட்டும்னு ஒரு கரண்டி ஊத்தி வச்சேன்."

அண்ணன் தலையில் கை வைத்து டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "உம்மா! பேடைத் தாளிச்சே விட்டுட்டியளே! பிரேக்குல எண்ணெய் பட்டா வண்டி எங்கன நிக்கும்? நேர கடலுக்குள்ள போய்த்தான் நிக்கும்!"

"எனக்கு என்னய்யா தெரியும்? கதவு கத்துனா எண்ணெய் ஊத்துவோம். தையல் மிஷின் கத்துனா ஊத்துவோம். இதுவும் கத்தும்னு இவ சொன்னா."

"கத்தாம இருக்கத் தடவுறதுக்குன்னு தனியா கிரீஸ் இருக்கு உம்மா. அது பின்னாடி, தகட்டுல தடவணும். நீங்க முன்னாடி தடவிட்டிய."

"அப்பம் பாதி சரியாத்தான செஞ்சிருக்கேன்" என்றாள் உம்மா.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கழுவினால் போகாதா என்று கேட்டேன். அது உள்ளே இழுத்துக்கொள்ளும், தூக்கித்தான் போட வேண்டும் என்றார் அண்ணன். "உம்மா, கத்துனாத்தான் என்ன? காக்கா வண்டி அப்படித்தான கத்தும்? நான் அதுக்காகத்தான அதை வாங்கினேன்" என்றேன் போனில்.

அந்தப் பக்கம் உம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"கத்த வேண்டாம் பிள்ளே," என்றாள். "ரோட்டுல எந்த வண்டி கத்துனாலும் எந்திரிச்சு நிக்கேன். எதுக்கு எந்திரிச்சேன்னு பொறவுதான் தெரியுது. மத்த வண்டிய நான் என்ன செய்ய முடியும்? நம்ம வண்டியாவது கத்தாம இருக்கட்டுமே."

அண்ணன் போய்க் குழாயில் கை கழுவினார். எண்ணெய் போகவில்லை போல, ரொம்ப நேரம் கழுவினார்.

நான் எனக்கு வேண்டியதை வாங்கியிருக்கிறேன். அது உம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் அவன் இருக்கிற மாதிரி. அவளுக்கு அது அவன் இன்னொரு தடவை வராத மாதிரி.

மாட்டுங்கா கடைக்கு மறுபடியும் போனேன். எண்ணெய்க் கதையைக் கேட்டுக் கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "தேங்காயெண்ணெயா? இதய நோய்க்காரனுக்குத்தான் ஆகாதுன்னு சொல்லுவா, பிரேக்குக்குமா!" பிறகு அந்தச் சாம்பல் நிற செராமிக் பேடை எடுத்து வைத்தார். "இப்போ எது வேணும்? கத்தறதா, கத்தாததா?"

"கத்தாதது."

வேகமாக ஓட்டுகிற ஆள் யாராவது வீட்டில் உண்டா என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். "அப்போ இதுதான் உனக்கு. ஊருக்குள்ள ஓட்ட இதைவிட வேறென்ன வேணும்? சூடேற வேண்டாம், முதல் மிதிக்கே நிக்கும்" என்றார். இந்தத் தடவை டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. நேராகச் செம்பூர் போய் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

மாட்டிய பிறகு அவர் என்னைத்தான் ஓட்டச் சொன்னார். புதுப் பேடு மாட்டியதும் அப்படியே பிடித்துவிடாதாம். பழக்க வேண்டும். விடிந்ததும் வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு அகலமான ரோட்டுக்குப் போனோம். வேகம் எடுக்க வேண்டும், மிதித்துக் குறைக்க வேண்டும், ஆனால் முழுசாக நிற்கக் கூடாது. மறுபடி வேகம், மறுபடி மிதி. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம் வந்தது. நான் பயந்து காலை எடுத்துவிட்டேன்.

"பயப்படாத. பேடு தன் சரக்கைக் கொஞ்சம் எடுத்து டிஸ்க்குல பூசுது. பூசினாத்தான் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிக்கும்" என்றார் அண்ணன்.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இரண்டும் சண்டை போட்டுத்தான் வண்டி நிற்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிறகு மிதிக்காமல் மெதுவாக உருட்டி, ஆறவிட்டோம். கடைசியாக ஒரு தடவை முழுசாக மிதித்தேன். வண்டி சத்தமே இல்லாமல் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். உம்மா முன் ஸீட்டில், அண்ணன் பின்னால் காலை மடக்கிக்கொண்டு. பிரிட்ஜ் இறக்கத்தில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பெஸ்ட் டவுன் பஸ் நின்றது. மிதித்தேன். உம்மா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"நின்னுட்டா?"

"நின்னுட்டு உம்மா."

"சத்தத்தையே காணுமே" என்று கண்ணைத் திறந்தாள். பஸ்ஸின் பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பச்சை விழுந்து நான் வண்டியை எடுத்ததும் கைப்பிடியை விட்டுவிட்டாள்.

மையவாடிச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். அண்ணன் இறங்கி உம்மா பக்கத்துக் கண்ணாடி ஓரம் வந்து நின்றார். அடக்கத்தன்று அவரும் மண் போட்டவர்.

"எங்கனய்யா?" என்றாள் உம்மா.

"அந்தா, வேப்பமரம் தெரியுதுல்லா? அதுக்கு இந்தப் பக்கம், ரெண்டாவது வரிசை."

"மரத்து நெழலு விழுமா?"

"சாயங்காலம் விழும் உம்மா."

உம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதினாள். நானும் எனக்குத் தெரிந்ததை ஓதினேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு டெம்போக்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்தான். உம்மா நிறுத்தவில்லை. அண்ணன் போய் அவனிடம் ஏதோ சொன்னார், அவன் சத்தம் போடாமல் பின்னால் எடுத்துச் சுற்றிப் போனான்.

ஓதி முடித்து, கையை முகத்தில் தடவிக்கொண்டு உம்மா சொன்னாள். "நான் ஒருத்தி துஆ கேட்டா பத்துமா பிள்ளே? தெரிஞ்சவுக தெரியாதவுக எல்லாத்துட்டயும் சொல்லு. அவனுக்காகக் கேக்கச் சொல்லு."

அதனால்தான் இதை எழுதினேன். எனக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் நீங்கள். துஆ என்பீர்களோ, ஜெபம் என்பீர்களோ, சாமியிடம் வேண்டுவீர்களோ, உங்களுக்குத் தெரிந்த விதத்தில் எங்கள் காக்காவுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் படுத்திருக்கிற கபுர் விசாலமாகவும் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.